கோல்பேஸ் ஹோட்டலில் ஆவணப் பாணித் திருமணப் புகைப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு காலி முகத்திடலின் தென்முனையில் 1864ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் கோல்பேஸ் ஹோட்டலில் திருமணம் நடத்தத் தீர்மானித்த குடும்பங்கள், படப்பிடிப்பைப் பற்றி எங்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நாங்கள் அதிகம் எடுப்பது யாழ்ப்பாண முறைச் சைவத் திருமணங்களை என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அவற்றிலிருந்தே வருகின்றன. ஹோட்டலின் விதிகளையும் கட்டணங்களையும் அங்குள்ள விருந்துபசாரப் பிரிவிடமே கேட்டறிந்துகொள்ள வேண்டும். நாங்கள் ஹோட்டலைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

ஆவணப் பாணி என்பதும் ‘கேண்டிட்’ என்பதும் ஒன்றுதானா?

இரண்டும் நடப்பதை நடந்தபடியே எடுப்பதைக் குறித்திருக்க வேண்டியவை; இன்று அப்படி இல்லை. மணமகளை யன்னலோரம் நிறுத்தி, வேறெங்கோ பார்த்துச் சிரிக்கச் சொல்லி எடுக்கும் படமும் இப்போது ‘கேண்டிட்’ என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது. அதுவும் ஒரு போஸ்தான். கமராவைப் பார்க்காத போஸ் என்பது மட்டுமே வேறுபாடு. ஆவணப் பாணியில் நாங்கள் யாரையும் எதையும் செய்யச் சொல்வதில்லை, நடந்து முடிந்ததைத் திரும்பச் செய்யும்படி கேட்பதுமில்லை. தாலி கட்டும் வேளையில் “கொஞ்சம் பொறுங்கோ, இங்கே பாருங்கோ” என்று மாப்பிள்ளையின் கையை நிறுத்தி வைக்கும் வழக்கம் நம் மண்டபங்களில் வேரூன்றிவிட்டது. நாங்கள் அதைச் செய்ய மாட்டோம் என்பதை முதற் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் சில குடும்பங்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம்.

இந்தப் பாணி பத்திரிகைப் புகைப்படத்திலிருந்து திருமணங்களுக்கு வந்தது. 1996இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜோன் எஃப். கென்னடி ஜூனியரின் திருமணத்தில், சிறு தேவாலயத்தை விட்டு வெளியே வரும் போது அவர் மணமகளின் கையை எடுத்து முத்தமிட்ட கணத்தைப் புகைப்படக்காரர் டெனிஸ் ரெஜி எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அமெரிக்கத் திருமணங்களில் இந்தப் பாணியை விரும்பிக் கேட்போர் பெருக அதுவும் ஒரு காரணம். நம் நாட்டில் வலுவாக வேரூன்றியது ஸ்டூடியோ மரபு. 1890இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பிளாட்டே போன்ற நிலையங்கள் பல தலைமுறைகளின் திருமணக் கோலத்தைத் திரைச்சீலைக்கு முன்னால் நிறுத்திப் பதிவு செய்திருக்கின்றன. அந்தப் படங்களை நாங்கள் மதிக்கிறோம். அம்மம்மாவின் கலியாணப் படம் இன்றும் வீட்டுச் சுவரில் தொங்குவது அந்த மரபினால்தான்.

அப்படியென்றால் குடும்பப் படங்கள் எடுக்க மாட்டீர்களா?

எடுப்போம். திருமண நாளில் அரை மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கி, வரிசையாக நிறுத்தி, கமராவைப் பார்க்கச் சொல்லியே எடுப்போம். பத்துப் பன்னிரண்டு சேர்க்கைகளுக்கு மேல் போகாத பட்டியல் ஒன்றை முன்கூட்டியே தாருங்கள். இரு வீட்டிலும் உறவினர் எல்லாரையும் முகம் தெரிந்த ஒருவரை, குரல் சற்றுப் பெரிதாக உள்ளவராகப் பார்த்து, ஆட்களைக் கூப்பிடும் பொறுப்புக்கு நியமியுங்கள். வயதில் மூத்தவர்களின் படங்களை முதலில் எடுத்து அவர்களை அனுப்பிவிட வேண்டும். மண்டபக் குளிரூட்டியின் கீழ் அவர்களை ஒரு மணி நேரம் காக்க வைத்து எடுக்கும் படத்தில் களைப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது.

இந்தக் கட்டடத்தில் படமெடுப்பது மற்ற மண்டபங்களிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது?

வெளிச்சத்தினால் வேறுபடுகிறது. ஹோட்டலின் ஒரு பக்கம் காலி வீதி, வடக்கே திடல், மேற்கே நேராகக் கடல். காலையில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருப்பதால் கடற்புற வெராண்டாவும் புல்வெளியும் கட்டடத்தின் நிழலுக்குள் இருக்கும். எதிரே திறந்த வானமும் நீர்ப்பரப்பும் மென்மையான வெளிச்சத்தைத் தரும். முகத்தில் கூர்மையான நிழல் விழாது, பட்டின் நிறம் வெளிறாது, நகைகள் கண்ணைக் கூசச் செய்யாது. முகூர்த்தம் பத்து மணிக்கு என்றால் எட்டு மணிக்கு அந்த வெராண்டாவில் நிற்பவருக்கு பிளாஷ் விளக்குத் தேவையே இல்லை. நண்பகலுக்குப் பிறகு நிலைமை தலைகீழாகிவிடும். மேற்கில் இறங்கும் வெயில் நேரே முகத்தில் அடிப்பதால் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். இரண்டு மணியிலிருந்து நான்கரை வரை நாங்கள் உள்ளேதான் இருப்போம்.

உள்ளே போனால் வேறு கணக்கு. பழைய கட்டடங்களில் கூரை உயரம்; மரத்தளமும் மரச் சட்டங்களும் நிறைந்த இடங்களில் கூரையை நோக்கி பிளாஷ் அடித்தால் வெளிச்சம் பாதி வழியிலேயே தொலைந்துபோகும், திரும்பி வருவதும் மரத்தின் நிறத்தோடு மஞ்சளாகவே வரும். ஆனால் யன்னல்கள் பெரியவை. யன்னலிலிருந்து நான்கு அடி தள்ளி நாற்காலியைப் போட்டால் அலங்கார அறையின் படங்கள் தாமாகவே அமைந்துவிடும். ஆதலால் அறையைப் பதிவு செய்யும் போது பரப்பளவை மட்டும் பார்க்காமல், யன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்றும் கேளுங்கள்.

அதற்காக, ஹோட்டலின் அழகைக் காட்டுவதற்காகவே மணமக்களைப் படிக்கட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அந்தப் படிக்கட்டில் அவர்கள் எப்படியும் ஒருமுறை இறங்கி வரத்தான் போகிறார்கள். சேலையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, மறுகையால் தோழியின் தோளைப் பற்றியபடி வரும் அந்த ஒருமுறைக்காக நாங்கள் கீழே காத்திருப்போம்.

சடங்கின் போது நீங்கள் எங்கே நிற்பீர்கள்? எவற்றைக் கட்டாயம் எடுப்பீர்கள்?

மாப்பிள்ளை வந்து இறங்கும் வாசலிலிருந்து ஆராத்தி வரை எல்லாவற்றையும் எடுப்போம். மணமகளின் சகோதரன் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதும், மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் அணிவிப்பதும் வாசலிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. ஹோட்டல் வாசலில் அதே நேரத்தில் வேறு விருந்தினரின் வாகனங்களும் வந்துகொண்டிருக்கும் என்பதால், அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கித் தரும்படி ஹோட்டலிடம் முன்பே பேசி வைப்பது நல்லது.

எங்களைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத் திருமணத்தின் மிகச் செழிப்பான பகுதி, பலரும் இடைவேளையாக நினைத்து எழுந்து போய்விடும் பகுதிதான். கன்னிகாதானம் முடிந்ததும் கூறை எனப்படும் திருமணச் சேலையும் தாலியும் வைத்த தட்டம் சபையோரிடம் ஆசி பெறச் சுற்றிவரும். பின்னர் மணமகள் கூறையை வாங்கிக்கொண்டு உடை மாற்றப் போவார். அவர் திரும்பி வர இருபது நிமிடமாவது ஆகும். சில வேளைகளில் நாற்பதாகவும் நீளும். அதுவரை மாப்பிள்ளை தலைப்பாகையோடு மணவறையில் தனியே உட்கார்ந்திருப்பார், தோழன் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைப்பார், குருக்கள் அடுத்த கிரியைக்கு வேண்டியதை எடுத்து வைப்பார், மேளக்காரர் வாத்தியத்தைச் சரிபார்ப்பார், பின்வரிசையில் ஆண்டுக்கணக்கில் காணாத மச்சான்மார் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒரு புகைப்படக்காரர் அந்த நேரம் முழுவதும் மண்டபத்திலேயே இருப்பார். பெண் புகைப்படக்காரர் மணமகளோடு போவார். உடை மாற்றும் போது அவர் அறைக்கு வெளியே நின்று, கூறை உடுத்தி முடிந்த பிறகே உள்ளே போவார். தாயும் சிறியதாயும் மடிப்பைச் சரிசெய்வதும், யாரோ ஊசி தேடி ஓடுவதும், நீண்ட தாழ்வாரத்தில் சிவப்புக் கூறையோடு மணமகள் விரைந்து நடப்பதும் அவருடைய கமராவில் விழும்.

தாலி கட்டும் கணத்துக்கு இருவர் தேவை. ஒருவர் மணமகளின் முகத்தை நோக்கி முன்னால் நிற்பார். அவருடைய 85 மி.மீ. லென்ஸ் மணவறைக்குள் நுழையாமலே முகத்தை அருகில் கொண்டுவரும். மற்றவர் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், மாப்பிள்ளையின் விரல்கள் தெரியும் இடத்தில் நிற்பார். தாலிக்கொடி கனமான தங்கக் கொடி. மஞ்சட் கயிறு போல மூன்று முடிச்சுப் போட்டு முடியும் காரியம் அல்ல. அதன் திருகுப் பூட்டான சுரையைத் திருகிப் பூட்ட வேண்டும். கெட்டிமேளம் முழங்க, அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசி தலையில் விழ, நடுங்கும் விரல்களுக்குச் சுரை பிடிகொடுக்காமல் நழுவும். பின்னால் நிற்கும் தமக்கை கூந்தலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் வழி சொல்வார். தவில்காரர் மாப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டு, பூட்டி முடியும் வரை அடியைக் குறைக்காமல் வாசிப்பார். இந்த அரை நிமிடத்தில் கை, முகம், தமக்கை, தவில்காரர் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். யாரையும் நிறுத்தி வைக்கத் தேவை இல்லை. இதற்குக் குடும்பத்தினர் செய்ய வேண்டிய உதவி ஒன்றுதான்: அந்த நேரத்தில் மணவறையின் முன்னால் கைத்தொலைபேசிகளோடு எழுந்து நிற்க வேண்டாம் என்று, தொடக்கத்திலேயே குருக்களையோ அறிவிப்பாளரையோ சொல்லச் செய்யுங்கள்.

ஹோமப் புகையும் மேடை விளக்குகளும் படத்தைக் கெடுக்காதா?

புகை கெடுக்காது. யன்னல் வெளிச்சம் அதற்குள் விழுந்தால் அழகாகவே இருக்கும். ஆனால் மூடிய, குளிரூட்டிய மண்டபத்தில் நெருப்பு வளர்ப்பதற்குத் தீப்பாதுகாப்பு விதிகள் உண்டு. ஹோமகுண்டத்தின் அளவு, அது வைக்கப்படும் இடம், புகை உணர்கருவிகள் ஆகியவற்றைப் பற்றி ஹோட்டலிடம் எழுத்திலேயே அனுமதி வாங்கிக் குருக்களுக்கும் தெரிவித்துவிடுங்கள்.

உண்மையில் கெடுப்பவை ஊதாவும் நீலமுமான எல்.ஈ.டி. மேடை விளக்குகள். மஞ்சள் பூசிய முகத்தில் ஊதா வெளிச்சம் விழுந்தால் எந்தத் திருத்தத்தாலும் தோலின் நிறத்தை மீட்க முடியாது. சில எல்.ஈ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டிருப்பதால் படத்தின் குறுக்கே கரும்பட்டைகளும் விழும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அத்தகைய இடங்களில் ஷட்டர் வேகத்தை 1/100 விநாடிக்குக் கொண்டுவந்து ஓரளவு சமாளிக்கிறோம். இருந்தாலும், சடங்கு முடியும் வரை மேடைக்கு வெள்ளை அல்லது இளமஞ்சள் விளக்கு மட்டும் போதும் என்று அலங்காரக்காரரிடம் சொல்லிவிடுவதே சிறந்த தீர்வு. வண்ண விளக்குகளை மாலை நடனத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சடங்கின் போது நாங்கள் பிளாஷ் பயன்படுத்துவதில்லை. இன்றைய கமராக்களில் ஒளியுணர் திறனை ஐ.எஸ்.ஓ. 6400 வரை கூட்டினாலும் படம் அச்சுக்குத் தாங்கும்.

மாலை வரவேற்பைக் கடற்கரைப் பக்கம் வைத்தால் சூரிய அஸ்தமனத்தில் படமெடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் நேரத்தை ஹோட்டலின் நிகழ்ச்சி நிரல் தீர்மானிக்காது. கொழும்பில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. நவம்பரில் மாலை 5.50 அளவிலும் ஜூலையில் 6.30 அளவிலும் மறைகிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் நீலம் வடிந்து இருட்டிவிடும். வரவேற்பு அழைப்பிதழில் 6.30 என்று அச்சிட்டு, மணமக்கள் அலங்காரம் முடிந்து ஏழு மணிக்குக் கீழே வந்தால் கடல் கறுப்பாகத்தான் இருக்கும். அஸ்தமனம் வேண்டுமென்றால் அன்றைய நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே மணமக்கள் தயாராக வேண்டும். நாங்கள் அவர்களைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிடித்து வைப்பதில்லை. கடலோரம் நடந்து பேசிக்கொண்டிருங்கள் என்று விட்டுவிட்டுத் தள்ளி நிற்போம். பகல் முழுவதும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ள நேரம் கிடைக்காதவர்கள் அவர்கள்.

அஸ்தமன வேளையில் ஹோட்டல் கொடியை இறக்கும் வழக்கம் உண்டு; பேக்பைப் இசையும் சேர்ந்து வரும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு அதைப் பார்த்து நிற்கும் காட்சி, மணமக்களின் நிழலுருப் படத்தைவிட எங்களுக்குப் பிடித்தமானது. இது எங்கள் சொந்த ரசனை. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

மழை, காற்று?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கொந்தளிப்பாக இருக்கும், தலை அலங்காரம் நிலைக்காது. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வானம் ஓரளவு நம்பத்தகுந்தது. எந்த மாதமானாலும் உள்ளே ஒரு மாற்று இடத்தைப் பதிவு செய்து வையுங்கள்.

காற்றில் வரும் உப்புத் துளி லென்ஸில் மெல்லிய படலமாகப் படியும். குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேரே கடற்காற்றுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி முழுவதும் ஆவி பிடித்துக்கொள்ளும். ஆகவே வெளிப்புறப் படப்பிடிப்புக்கு இருபது நிமிடம் முன்பே எங்களில் ஒருவர் மூடிய பையில் கமராவோடு வெராண்டாவுக்குப் போய்விடுவார். திடீரென அவரைக் காணவில்லை என்று யாரும் தேட வேண்டாம்.

ஹோட்டல் ஊழியர்களையும் படமெடுப்பீர்களா?

அவர்கள் சம்மதித்தால், ஆம். ஒரு திருமணம் நடந்தேறுவது மணவறையில் மட்டும் அல்ல. வாழையிலை கொண்டுவருபவர், நாற்காலி அடுக்குபவர், கதவைத் திறந்து கைகூப்புபவர் எல்லாரும் அந்த நாளில் இருக்கிறார்கள். இந்த ஹோட்டலின் வாசலில் நின்ற சட்டு குட்டன் என்பவரைக் கொழும்பில் அறியாதவர் குறைவு. கேரளத்திலிருந்து வந்து 1942இல் வேலைக்குச் சேர்ந்த அவர், வெண்ணிற மீசையும் வெள்ளைச் சீருடையுமாக எழுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றி, 2014 நவம்பரில் தம் 94ஆவது வயதில் காலமானார். தங்கள் பெற்றோரின் திருமணப் படங்களின் ஓரத்தில் அவர் இருப்பதைக் காட்டி மகிழ்ந்த குடும்பங்கள் உண்டு. எடுக்கும் நாளில் யாரும் கேட்காத படங்கள்தாம் அவை. ஹோட்டலில் தங்கியிருக்கும் மற்ற விருந்தினரின் முகங்களை மட்டும் நாங்கள் தவிர்த்துவிடுவோம்.

காலி முகத்திடலுக்கு இறங்கிப் படமெடுக்கலாமா? ட்ரோன் பறக்கவிடுவீர்களா?

திடல் பொது இடம். 1859இல் தேசாதிபதி ஹென்றி வோர்ட் காலத்தில் நடைபாதை அமைக்கப்பட்டதிலிருந்து கொழும்பு மக்கள் காற்று வாங்க வரும் இடம் அது. பட்டம் விடுபவர்களும் இறால் வடை விற்பவர்களும் நடுவில் நிற்க, சிறிது நேரம் போய் வரலாம். ஆனால் குடைகளும் விளக்குகளுமாகப் பெரிய குழு இறங்கினால் அனுமதி கேட்பார்கள். வார இறுதி மாலைகளில் கூட்டமும் அதிகம்.

ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும். ஜனாதிபதி செயலகம் திடலின் மறுமுனையில் இருப்பதால் அந்தப் பகுதி பாதுகாப்புக் கெடுபிடி மிக்கது. நாங்கள் அங்கே ட்ரோன் பயன்படுத்துவதில்லை.

எங்கள் வீடியோக் குழுவோடு உங்களுக்கு ஒத்துவருமா?

பெரும்பாலும் ஒத்துவரும். திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே அவர்களோடு பேசி, யார் எந்தப் பக்கம் நிற்பது, மேடையில் தொடர் விளக்கு எவ்வளவு என்று முடிவு செய்துகொள்வோம். வீடியோக்காரர் நடப்பதை இயக்குகிறவராக இருந்தால் எங்கள் படங்களிலும் அந்த இயக்கமே தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ளவர்களுக்காக நேரலை வைக்கும் குடும்பங்கள், அந்தக் கமராவை நடுவழியில் வைக்காமல் பக்கத் தூணோரம் நிறுத்தச் சொன்னால் மூன்று தரப்புக்கும் நல்லது.

வெளிநாட்டிலிருந்து பலர் வருகிறார்கள். முந்தைய நாளும் வர முடியுமா?

வர முடியும்; வசதி இருந்தால் அப்படிச் செய்யுமாறே பரிந்துரைக்கிறோம். இருபது ஆண்டுகளாகச் சந்திக்காத சகோதரிகள் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒருவர் நோர்வேயிலிருந்தும் வந்து சந்திப்பது திருமண மேடையில் அல்ல. முந்தைய மாலை ஹோட்டல் வரவேற்பறையில், பயணப் பைகளுக்கு நடுவில். பல குடும்பங்களுக்கு மொத்த உறவும் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகும் நாட்கள் இவை இரண்டு மட்டுமே. அலங்காரத்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைக் குறைத்து இன்னொரு மாலைப் படப்பிடிப்புக்கு வைத்தவர்களில் யாரும் பின்னர் வருந்தியதை நாங்கள் அறியோம்.

தேவாலயத் திருமணம், கலப்புத் திருமணம்?

எடுக்கிறோம். தேவாலயத்துக்குள் எங்கே நிற்கலாம் என்பதை முன்பே குருவானவரிடம் கேட்டு அதன்படி நடப்போம். ஒரே நாளில் மணவறையும், சிங்களத் திருமண மேடையான பொருவவும் அமையும் தமிழ்–சிங்களத் திருமணங்களில் இரு சடங்குகளுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். சேலையும் சிகை அலங்காரமும் முழுவதும் மாற வேண்டியிருக்கும்.

எத்தனை படங்கள், எப்போது கிடைக்கும்? அவற்றின் உரிமை யாருக்கு?

முழு நாளுக்கு வழக்கமாக 600 முதல் 800 படங்கள் வரை, எட்டு வாரங்களில் தருகிறோம். எடுத்ததில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவது எங்கள் வேலையின் பாதி. எனவே கழித்தவற்றையும் திருத்தாத மூலக் கோப்புகளையும் தருவதில்லை. ஒவ்வொரு கமராவிலும் இரண்டு அட்டைகளில் ஒரே நேரத்தில் பதிவாகும். அன்றிரவே மூன்றாவது பிரதி எடுக்கப்படும். கறுப்பு வெள்ளையில் தரும் படங்கள் சிலவே. கூறையின் சிவப்பைக் கறுப்பாக்குவதற்கு வலுவான காரணம் வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

படங்களை நீங்கள் அச்சிடலாம், பகிரலாம், உறவினருக்குக் கொடுக்கலாம். எங்கள் பக்கத்தில் நாங்கள் வெளியிடுவது உங்கள் எழுத்துபூர்வச் சம்மதத்தின் பின்னரே. சிறுவர்களின் படங்களையும், யாராவது கண்கலங்கி நிற்கும் படங்களையும் தனியே காட்டி மீண்டும் கேட்போம். இவை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். முற்பணம் கட்டுமுன் அதை நிதானமாக வாசித்துக் கையெழுத்திடுங்கள்.

பதிவு செய்ய என்னென்ன விவரம் தர வேண்டும்?

முகூர்த்த நேரம், மாப்பிள்ளை அழைப்பு நேரம், சடங்கு எந்த மண்டபத்தில், அலங்கார அறை எந்தத் தளத்தில், வரவேற்பு உள்ளேயா புல்வெளியிலா, விருந்தினர் தொகை ஆகியவற்றை அனுப்புங்கள். தை, ஆவணி மாத முகூர்த்த நாட்கள் முன்கூட்டியே நிரம்பிவிடுகின்றன. ஹோட்டலில் நாள் உறுதியானவுடனேயே எழுதுங்கள். நடக்கச் சிரமப்படுபவர், அண்மையில் துக்கம் நேர்ந்தவர், படத்தில் வர விரும்பாதவர் யாரேனும் இருந்தால் அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அந்தக் குறிப்பை அன்று வரும் எங்கள் குழுவினர் மட்டுமே பார்ப்பார்கள்.